முகடு இல்லாத கூரை

4 செப்டம்பர், திங்கள்

மேற்கு மனைக்காரருக்கு,

உன்னோடு இனிமேல் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சுவருக்கு ஆறடி தள்ளி உன் புதுப் பட்டறைக்கு ஆறு தூண் நட்டிருக்கிறாய். ஒவ்வொன்றும் பதினெட்டு அடி. நான் அளக்கவில்லை, உன் மாமா படுத்தபடியே பார்த்துச் சொன்னார். அவர் கண்ணளவு எப்படி என்று உனக்கே தெரியும். குழி தோண்ட வந்தவரிடம் கேட்டேன். ஒற்றைச் சரிவுக் கூரையாம், உயரமான பக்கம் எங்கள் பக்கமாம், சரிவு உன் வீட்டைப் பார்த்து இறங்குமாம். நல்ல ஏற்பாடு.

அந்தச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில் இருக்கிறது. கட்டிலில் யார் இருக்கிறார் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷம் நாலு மாதமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மிச்ச நேரமெல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உன் மாமா இருக்கிறார். அதில் தெரிவது ஒரு துண்டு மேற்கு வானம். மேகம் வந்தால் எனக்குச் சொல்வார், பறவை போனால் எண்ணுவார். பதினெட்டு அடியில் உன் கூரை வந்தால் அவருக்குத் தெரியப்போவது உன் தகரம்.

தூணைக் குறை. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

கிழக்கு மனைக்காரி

6 செப்டம்பர், புதன்

கிழக்கு மனைக்கார அம்மையாருக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. வக்கீல் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தூண் உயரமாக நிற்பதால் கூரையும் அந்த உயரம் என்று அர்த்தமில்லை. தூணை நீளமாகவே நட வேண்டும், மண் இறுகிய பிறகு மட்டம் பார்க்க நூல் பிடித்து, கடைசியில்தான் தலையை அறுக்க வேண்டும். இது மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை. இருபது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போனது ஆச்சரியம்தான். என் பக்கத்துத் தூண் ஆறும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. அது உன் ஜன்னலுக்குத் தெரியாது.

ஆனால் நீ கேள்விப்பட்டது பொய்யில்லை. உயரமான பக்கம் உன் பக்கம்தான். காரணம் சொல்கிறேன், கேட்டுக்கொள். பட்டறை முப்பதுக்கு ஐம்பது. அவ்வளவு பெரிய கூரையில் விழும் மழை முழுக்க ஒரே பக்கமாக இறங்கும். சரிவை உன் பக்கம் திருப்பினால் அத்தனை தண்ணீரும் அந்த ஆறடிச் சந்தில் விழுந்து உன் சுவரில்தான் நிற்கும். மாமா தலை வைத்துப் படுத்திருக்கும் சுவர் அது. என் பக்கம் திருப்பினால் தொட்டிக்குப் போய்விடும். உனக்கு நல்லது செய்யப் போய்த்தான் இந்தப் பேச்சு கேட்கிறேன்.

வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிவு விட்டால் என்ன என்று அடுத்து கேட்பாய். விடமாட்டேன். ஏன் என்று கேட்காதே.

திங்கட்கிழமை கூரைச் சட்டத்துக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். மாதக் கடைசியில் வாடகைப் பட்டறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் மழை வந்துவிடும். அதனால் மேற்கொண்டு திட்டுவதென்றால் சீக்கிரம் திட்டு.

மேற்கு மனை

7 செப்டம்பர், வியாழன்

திட்டச் சொன்னாய், அதனால் திட்டுகிறேன்.

இரண்டு பக்கச் சரிவு விடமாட்டாயாமே. ஊரில் பாதிப் பேர் தலைக்கு மேல் அதைத்தானே வைத்திருக்கிறாய்? பல் டாக்டர் வீட்டுக்கு வைக்கவில்லையா? ஏணியைச் சாத்தி வைத்த மாதிரி செங்குத்தாக ஒரு கூரை. "இவ்ளோ சரிவு வேணாம்டா, நிக்கவே முடியாது, பாதியாக் குறை"ன்னு அவர் மூன்று தடவை சொன்னார். என் காது கேட்கச் சொன்னார், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார். நீ என்ன சொன்னாய்? "தெருவிலிருந்து பாத்தா கம்பீரமா இருக்கும் மாமா" என்றாய். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறோம், அவர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உன் கண்ணுக்கு எது அழகோ அதுதான் கூரை. அதில் ஏறுகிறவன் வேறொருவன்.

இப்போது மட்டும் தண்ணீர், சுவர் என்று எங்கள்மேல் கரிசனம் பொத்துக்கொண்டு வருகிறது. எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? உனக்கு வேண்டியது கூரையே இல்லை, பதினெட்டு அடியில் ஒரு மறைப்பு. காலையில் பட்டறைக்குள் நுழையும்போது அந்த ஜன்னல் கண்ணில் படக்கூடாது. இரண்டு வருஷமாக ஒரு தடவை எட்டிப் பார்க்காதவனுக்கு அதுதானே வசதி.

மனசாட்சி என்று ஒன்று மிச்சம் இருந்தால் பன்னிரண்டு அடியில் அறு.

8 செப்டம்பர், வெள்ளி

அக்கா,

எட்டிப் பார்க்காதவன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் கதவைத் திறந்து, நான் என்று பார்த்ததும் சாத்தியது யார்? அதை விடு.

ஏன் என்று கேட்காதே என்று எழுதினேன். இப்போது நானே சொல்கிறேன், இல்லாவிட்டால் நீ நினைத்ததுதான் நிஜம் என்று ஆகிவிடும்.

மாமா விழுந்த நாளிலிருந்து நான் கூரை ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று சபதமெல்லாம் இல்லை. ஏற முடியவில்லை. ஏணியில் மூன்றாவது படி வரை போகிறேன், அதற்கு மேல் முழங்கால் இரண்டும் தனியாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. யாருக்கும் தெரியாது. வீட்டில் என் பெண்டாட்டிக்குக்கூட முதுகு வலி என்றுதான் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷமாக நான் எடுப்பதெல்லாம் கார் நிறுத்தும் கொட்டகை, வாசல் சார்ப்பு, இந்த மாதிரி ஒற்றைச் சரிவு வேலைதான். சாரத்தில் நின்றால் பயமில்லை. காலுக்குப் பலகை இருக்கிறது, கைக்குக் கம்பி இருக்கிறது. ஒற்றைச் சரிவுக்கு இரண்டு ஓரத்திலும் சாரம் கட்டிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். இரண்டு பக்கச் சரிவு என்றால் நடுவில் முகடு வரும். முகட்டில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்துதான் மூடுதகட்டை அடிக்க வேண்டும். மாமா உட்கார்ந்திருந்த மாதிரி.

ஆள் வைத்து ஏற்றலாமே என்பாய். என்னோடு வேலைக்கு நெட்டையரும் இன்னொருவரும் இருக்கிறார்கள், இருவரும் கில்லாடிகள். நான் ஏறாத கூரையில் இனிமேல் யாரையும் ஏற்றமாட்டேன். இது ஒன்றைத்தான் நான் பிடித்து வைத்திருக்கிறேன்.

நீ சொன்ன மறைப்பு உனக்கு வேண்டாம். நாளைக் காலை எட்டு மணிக்கு உன் பக்கத்து ஆறு தூணையும் பன்னிரண்டு அடியில் அறுக்கிறேன். சரிவை உன் பக்கம் திருப்பிவிடுகிறேன். ஓரத்தில் தகர வாய்க்கால் வைக்கிறேன், தாங்கும் மட்டும் தாங்கட்டும். மாமாவுக்கு அவர் வானம் இருக்கட்டும்.

தம்பி

9 செப்டம்பர், சனி, காலை ஏழு மணி

தம்பி,

அறுக்காதே.

உன் கடிதத்தை நேற்று சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதலில் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டவில்லை, நமக்குள்ளேயே வைத்திருந்தேன். இதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது படி என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அவனா ஏறல? பூனை மாதிரி ஓடுவானே" என்றார். பிறகு, "அவனுக்கு எது தோதோ அதையே போடட்டும். ஒசரம் நம்ம பக்கமே இருக்கட்டும். வானம் எங்க போகுது, அது பாட்டுக்கு மேலதான் இருக்கும்" என்றார். சிரித்தார். அவர் சிரித்ததால் நான் அழவில்லை.

சக்கர நாற்காலியை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனால் அங்கேயும் வானம் இருக்கிறது. நான்தான் சோம்பேறித்தனமாக ஜன்னலே போதும் என்று விட்டுவிட்டேன். இனி இரண்டு வேளை தள்ளுகிறேன். முகடு இல்லாத கூரையே போடு, தண்ணீர் உன் பக்கமே போகட்டும்.

இதை இப்போதே உன் கேட்டில் தொங்கும் பெட்டியில் போடுகிறேன். எட்டு மணிக்கு முன்னால் பார்த்துவிடு.

அக்கா

9 செப்டம்பர், சனி, மத்தியானம்

தம்பி,

காலையில் எழுதியது இன்னும் உன் பெட்டியிலேயே இருக்கிறது. வெள்ளை முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. நீ பின்பக்க வழியாகப் பட்டறைக்குப் போயிருக்கிறாய், கேட் பக்கம் வரவே இல்லை.

எட்டு மணிக்கு ரம்பச் சத்தம் கேட்டது. நான் ஜன்னலில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நீ சாரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய், என்னிடமிருந்து பத்தடிகூட இல்லை. ஜன்னலைத் திறந்து "டேய்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

போடவில்லை. முதல் தூணின் தலை விழுந்தது, வாயைத் திறக்கவில்லை. சாரத்தை அடுத்த தூணுக்குத் தள்ளினாய். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம், ஐந்து தூணாவது மிஞ்சியிருக்கும். கடிதம்தான் போட்டாயிற்றே, அவன் பார்க்காதது என் தப்பா என்று உள்ளே ஒரு வீம்பு. இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு மரத்துக்காகவா வாயைத் திறப்பது என்றும் இருந்தது. உன்னோடு பேசிவிட்டால் அவர் விழுந்தது சரிதான் என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது தூணுக்கு அவர் விழித்துக்கொண்டார். "அறுக்கறானா? நீ சொல்லலையா?" என்று கேட்டார். கடிதம் போட்டிருக்கிறேன் என்றேன். என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது.

இப்போது ஒன்றும் குடிமுழுகவில்லை. நீ சொன்னபடியே சரிவை எங்கள் பக்கம் விடு. தண்ணீர் வந்தால் வரட்டும், கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறோம். முகடு மட்டும் போடாதே.

அக்கா

11 செப்டம்பர், திங்கள்

அக்கா,

இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தேன், சனிக்கிழமை சாயங்காலம். அறுத்த ஆறு தலையும் சந்தில் கிடந்தது. அதன்மேலேயே உட்கார்ந்து படித்தேன்.

நீ கத்தாததற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் தம்பிதானே நான், எனக்கும் அதே கொழுப்புதான். கேட்டைத் திறந்து வந்து "அறுக்கட்டுமா அக்கா" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன கேடு?

அறுத்த தூணுக்கு ஒட்டுப் போடலாம். காற்றுக்கு ஆடும். ஒட்டுப்போட்ட தூணில் கூரை ஏற்றினேன் என்று தெரிந்தால் மாமா முகத்திலேயே விழிக்க முடியாது.

நேற்று ஒரு சோதனை செய்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது சந்தில் ஹோஸைப் போட்டு அரை மணி நேரம் திறந்துவிட்டேன். ஒரு பலத்த மழையில் கால்வாசிகூட வராது அது. தண்ணீர் நேராக உன் சுவரடியில் போய் நின்றுவிட்டது, சாயங்காலம் வரை வற்றவில்லை. சுவரைத் தொட்டுப் பார், முழங்கை உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கும். எந்தத் தகர வாய்க்காலும் அதைத் தாங்காது. கட்டிலை எங்கே தள்ளிப் போடுவாய்? அந்த அறையில் ஜன்னல் அங்கே மட்டும்தான்.

ஆகவே இரண்டு பக்கச் சரிவு. பாதித் தண்ணீர் எனக்கு, பாதி உனக்கு, அந்தப் பாதியை வாய்க்கால் தாங்கும். என் பக்கத்துத் தூணையும் பன்னிரண்டில் அறுத்துவிட்டேன். நாலடிக்கு ஓரடிதான் சரிவு. பல் டாக்டர் வீட்டில் மாமா கேட்ட பாதிச் சரிவுகூட இதைவிடச் செங்குத்து. முகடு பதினாறு அடிகூட வராது, ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் தலை மட்டும் தெரியும், வானத்தை மறைக்காது. இன்று காலை ஆர்டர் கொடுத்துவிட்டேன். நான்தான் ஏறுவேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மாமா விழுந்த அன்று காலை ஷீட்டில் ஈரம் இருந்தது. வெயில் வரட்டும் என்றார் மாமா. மத்தியானம் பல் டாக்டர் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது, முகட்டை மூடிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். "ஏறுங்க மாமா, நான் கீழ இருந்து தகட்டைக் குடுக்கறேன்" என்றேன். அவர் ஏறினார். நான் கீழே நின்றேன். இதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் போதுமா என்று தெரியாமல்தான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

தம்பி

14 செப்டம்பர், வியாழன்

தம்பி,

ஏறாதே. மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

நீ மன்னிப்புக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் விழக் காரணம் ஈரத் தகடு, அவசரம், செங்குத்துக் கூரை என்று எல்லாரிடமும் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன், ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன், உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை.

அன்று காலை பத்து இருபதுக்கு நான் அவருக்குப் போன் செய்தேன். பீரோ சாவி எங்கே என்று கேட்க. கூரைமேல் இருப்பார் என்று தெரியும், தெரிந்தே செய்தேன், எடுக்காவிட்டால் வைத்துவிடலாம் என்று. நாலு தடவை அடித்தது. பிறகு நின்றுவிட்டது. சாவி என் கைப்பையிலேயே இருந்தது. இருபது நிமிஷம் கழித்து நீ கூப்பிட்டாய்.

அவரிடம் நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. உன்னை எவ்வளவு திட்டினேனோ அவ்வளவும் என்னை நானே கேட்காமல் இருப்பதற்காகத் திட்டியது. இப்போது நீ அதே மாதிரி முகட்டில் உட்காரப் போகிறாய். எங்கள் வானத்துக்காகவும் எங்கள் சுவருக்காகவும். நான் அதைத் தாங்கமாட்டேன். கொட்டகையே வேண்டாம், தூணைப் பிடுங்கிவிட்டு வேறு இடம் பார்.

அக்கா

16 செப்டம்பர், சனி

அக்கா,

தெரியும்.

போனைப் புல்லிலிருந்து எடுத்தது நான்தான். திரையில் உன் பெயர் நின்றது. "மகாராணி" என்றுதானே உன்னைப் பதிந்து வைத்திருந்தார். துடைத்து உன் கையில் கொடுத்தேன், நீ அதைப் பார்க்காமலேயே பையில் போட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் நீ என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடைந்து போயிருப்பாய். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தார், யார் என்று பார்த்தார், சிரித்தார். எடுத்துப் பேசுவதற்காகக் கொஞ்சம் திரும்பினார். அவ்வளவுதான் நான் பார்த்தது. ஈரமில்லாத தகடாக இருந்திருந்தால் திரும்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் இதில் உன் பங்கு என் பங்கு என்று பிரிக்க என்னால் முடியவில்லை, நீயும் பிரிக்காதே.

தூணைப் பிடுங்கமாட்டேன். சட்டம் திங்கட்கிழமை வருகிறது. ஷீட்டையெல்லாம் சாரத்திலிருந்தே போட்டுவிடுவேன். முகட்டு மூடுதகடு மட்டும் அடுத்த சனிக்கிழமை, பத்து மணிக்கு மேல், வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு. கயிறு கட்டிக்கொள்கிறேன். உன் போனை அணைத்து வை, அது போதும்.

தம்பி

23 செப்டம்பர், சனி, மாலை

தம்பி,

நீ இறங்கி, கை கால் கழுவி, வீட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேலே இருந்தவனுக்கு நடந்தது தெரியும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு நாளைக்கு வா.

காலையிலேயே அவரை உட்கார வைத்துவிட்டேன். "கயிறு கட்டிருக்கானா, கட்டிருக்கானா" என்று பத்துத் தடவை கேட்டார். கட்டியிருக்கிறாய் என்றேன். முதல் நாலு தகட்டை நீ அடித்து முடித்தாய். ஐந்தாவது தகட்டை நெட்டையர் ஏணியிலிருந்து நீட்டினார், நீ வாங்கவில்லை. இரண்டு கையாலும் முகட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாய். உன் முழங்கால் ஆடுவது இங்கே வரை தெரிந்தது. நெட்டையர் என்னவோ சொன்னார், உனக்குக் காதில் விழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ரொம்ப நேரம்.

"அவனைக் கூப்பிடு" என்றார் இவர்.

மாட்டேன் என்றேன்.

"என் குரல் அவ்ளோ தூரம் போகாது. நீ கூப்பிடு. பேச்சுக் குடுத்தாத்தான் தெளிவான்."

கூரைமேல் இருக்கிறவனை நான் கூப்பிடமாட்டேன் என்றேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அன்னைக்கு நீங்க மேல இருக்கறப்போ கூப்பிட்டது நான்தாங்க. பீரோ சாவிக்காக."

அவர் உன்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போன் அடிச்சது தெரியும். யாருன்னு நான் பாக்கல. பாக்கறதுக்குள்ள வழுக்கிருச்சு. இப்போ அவனைக் கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். "தம்பி" என்று. இரண்டு வருஷம் நாலு மாதத்துக்கு அப்புறம் குரல் எப்படி வந்ததோ தெரியவில்லை. நீ திரும்பிவிடுவாயோ என்று உயிரே போயிற்று. நீ திரும்பவில்லை. முகட்டைப் பார்த்தபடியே "என்னக்கா" என்றாய். இவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கத்தினேன்: இடது காலைக் கீழே இறக்கு, மூச்சை விடு, தகடு காய்ந்திருக்கிறது, அடுத்த தகட்டை வாங்கு. நீ வாங்கினாய். மிச்சம் ஆறும் அப்படியே அடித்தோம்.

கடைசித் தகட்டில் ஒரு ஸ்க்ரூ கோணலாக இருக்கிறதாம். அதைத் திங்கட்கிழமை கழற்றி அடிக்கச் சொல்கிறார், வரும்போது உன் காதில் போட்டே தீருவார்.

யார் என்று பார்க்கவில்லை என்று அவர் சொன்னபோது, அவர் பார்த்ததையும் சிரித்ததையும் நீ எழுதிய பதினாறாம் தேதிக் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. சரிங்க என்றேன். நான் நம்பிவிட்டேன் என்று நினைத்து மத்தியானம் நன்றாகத் தூங்கினார், அந்த மாதிரி அவர் தூங்கிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. நாளைக்கு நீ வந்து அவர் பக்கத்தில் உட்காரும்போது அந்தப் பேச்சு வரும். அவர் உன்னிடமும் யாரென்று பார்க்கவில்லை என்றுதான் சொல்வார். நீயும் சரி மாமா என்று சொல்லிவிடு. அந்த அறையில் வைத்து இதை உன்னிடம் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதினேன்.

அக்கா